நியூட்டன் மீட்டரைக் காட்டி மயக்காதீங்க

சின்ன பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள ட்யூன் பண்ணின டர்போ டீசல் இன்ஜினைத் தூக்கி வைக்கிற ஆட்கள் ஐரோப்பாவுல இருக்காங்க. அந்த மாதிரி வீடியோ ஒண்ணு வந்தா போதும், நம்ம ஹாஸ்டல் க்ரூப் ரெண்டா பிரிஞ்சிடும். ஒரு கோஷ்டி "பாவம்டா அந்த கார்"னு அழும். இன்னொரு கோஷ்டி "மச்சி, டார்க் பாரு"ன்னு குதிக்கும். முதல் கோஷ்டியோட எனக்கு சண்டை இல்ல, உடன்பாடும் இல்ல. காசும் காரும் அவங்களோடது, என்ன வேணா பண்ணட்டும். என் பிரச்சினை ரெண்டாவது கோஷ்டியோட. டார்க் நம்பரை மட்டும் பார்த்துக் கொண்டாடறது, நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சவங்க செய்யற காரியமா?

ஒரு நிஜ ஜோடியை எடுத்துக்குவோம். 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. ரெண்டே சீட், பின் சக்கர டிரைவ், எடை ஒரு டன்னுக்கும் கீழ. 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 6500 ஆர்பிஎம்-ல் 115 பிஎஸ். அதிகபட்ச டார்க் சுமார் 135 நியூட்டன் மீட்டர்தான். இதுக்குள்ள போகப்போறது ஃபோக்ஸ்வாகனோட 1.9 டிடிஐ, 130 பிஎஸ் வகை. நம்ம ஊர் பழைய ஸ்கோடா லாராவுல வந்ததும் இதே குடும்பம்தான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி யூனிட் இன்ஜெக்டர், அதை அழுத்தறது கேம்ஷாஃப்ட், பிரஷர் 2000 பாருக்கு மேல. 1900 ஆர்பிஎம்-லேயே 310 நியூட்டன் மீட்டர்!

135 எங்க, 310 எங்க. ரெண்டேகால் மடங்குக்கும் மேல. இந்த இடத்துலதான் எல்லாரும் வாயைப் பிளக்கிறாங்க.

தெர்மல் லேப்ல பிரேக் டிரம்ல கயிறு சுத்தி, 2πNT/60-னு ரெக்கார்டுல எழுதினோமே, ஞாபகம் இருக்கா? அதுல T மட்டும் இல்ல, N-னும் இருக்கு. 1900 ஆர்பிஎம்-ல் 310-ன்னா பவர் சுமார் 84 பிஎஸ். அந்த டீசலோட 130 பிஎஸ் 4000 ஆர்பிஎம்-ல்தான் வருது, அப்போ டார்க் 228-க்கு இறங்கிடும். பெட்ரோல் இன்ஜின் 6500-ல் 124 தருது. ஆனா அது வேகமா சுத்தறதால, அதே ரோடு ஸ்பீடுக்கு 1.6 மடங்கு குறுகின கியர் போடலாம். கியர் டார்க்கைப் பெருக்கும். சக்கரத்துல போய்ப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசம் 13 சதவீதம், அதாவது 130-க்கும் 115-க்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். ரெண்டேகால் மடங்கு கியர்பாக்ஸ் தாண்டும்போதே காணாமப் போச்சு.

சரி, ட்யூன் பண்ணுவோம். ரீமேப்ல 160 பிஎஸ் வரைக்கும் கொண்டுவரலாம், அது நிஜமான லாபம். நான் மறுக்கல. ஒரு டன் காருக்கு 160 பிஎஸ் நல்லாவே பறக்கும். ஆனா டர்போவை மாத்தாம டீசலை மட்டும் அதிகமா ஊத்தினா, காத்து பத்தாது, கரும்புகை கிளம்பும், எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் எகிறும். அந்தப் புகையைப் பெருமையா வீடியோ எடுக்கிறவங்களைப் பத்தி எழுதினா எடிட்டர் வெட்டிடுவார்.

இப்போ யாரும் பேசாத விஷயத்துக்கு வர்றேன். ஃபைனல் டிரைவ். இந்த எம்எக்ஸ்-5-ல் அது 4.3. ஃபர்ஸ்ட் கியர் 3.136, ஃபிஃப்த் 0.814. டயர் 185/60 ஆர்14, சுற்றளவு கிட்டத்தட்ட 1.8 மீட்டர். பெட்ரோல் இன்ஜின் 7000 வரைக்கும் சுத்தும். அதனால ஃபர்ஸ்ட்லேயே 56 கி.மீ. வேகம் தொடலாம். டீசல் 4500-லேயே மூச்சு வாங்கும். ஃபர்ஸ்ட்ல 36 கி.மீ.யோட கதை முடிஞ்சுது. 100 கி.மீ. வேகத்தைத் தொட பெட்ரோல்ல ரெண்டு தடவை கியர் மாத்தினா போதும், டீசல்ல மூணு தடவை. இதெல்லாம் கூட பரவாயில்ல. ஃபிஃப்த் கியர்ல 4500 ஆர்பிஎம்-ல் அந்த வண்டி போற வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 140 கி.மீ.! இத்தனை வெல்டிங், இத்தனை வயரிங் பண்ணி, கடைசியில பைபாஸ்ல ஒரு ஃபேமிலி கார் ஓரம்கட்டிட்டுப் போகும்.

அதனால ஃபைனல் டிரைவை 3.6 மாதிரி ஏதாவதுக்கு மாத்தியே ஆகணும். மாத்தினா ஃபிஃப்த்ல 167 வரும். கூடவே ஒரு ஆறாவது கியர் இருந்தா இன்னும் நல்லது. ஆனா மாத்தின அந்த நிமிஷமே, சக்கரத்துக்குப் போற டார்க் ஆறுல ஒரு பங்கு குறையும். குதிச்ச கோஷ்டி இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். இன்னொரு பக்கம், 135 நியூட்டன் மீட்டருக்குன்னு செஞ்ச கியர்பாக்ஸ் இப்போ அதைப்போல ரெண்டரை மடங்கைத் தாங்கணும்.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். ஃபோக்ஸ்வாகன் பிளாக்கையும் மாஸ்டா கியர்பாக்ஸையும் சேர்க்க அடாப்டர் பிளேட், கிராஸ்மெம்பர்ல இடிக்காத ஆயில் சம்ப், இன்டர்கூலருக்கு இடம், இமொபிலைசரை ஏமாத்தின ஈசியு. எனக்குப் பிடிச்சது பிரேக் பூஸ்டர். பெட்ரோல் கார்ல த்ராட்டில் மூடும்போது இன்டேக்ல வர்ற வேக்குவம்தான் பிரேக்குக்கு உதவுது. டீசல்ல வேகத்தைக் கட்டுப்படுத்த த்ராட்டில் கிடையாது, வேக்குவமும் கிடையாது, அதனால தனி வேக்குவம் பம்ப். டிடிஐ-ல் அது ஹெட்லேயே இருக்கு, ஒரு தலைவலி மிச்சம்.

ஆனா த்ராட்டில் இல்லாததுக்கு இன்னொரு விலை இருக்கு, அது ஓட்டறவருக்குத்தான் தெரியும். எம்எக்ஸ்-5 மாதிரி காரை வளைவுல ஓட்டறதே வலது காலாலதான். ஆக்சிலரேட்டரை லேசா விட்டா த்ராட்டில் மூடி இன்ஜின் இழுத்துப் பிடிக்கும், எடை முன்னாடி சாயும், மூக்கு உள்பக்கம் திரும்பும். டீசல்ல காத்து வழி எப்பவும் திறந்தே இருக்கும், காலை எடுத்தாலும் அந்த இழுப்பு குறைவு. மறுபடி மிதிச்சா டர்போ யோசிச்சுட்டுத்தான் வரும். அந்தக் காரை வாங்கினதே இந்த உரையாடலுக்காகத்தான். அதை எந்த நியூட்டன் மீட்டரும் ஈடுகட்டாது.

அப்போ யாருமே செய்யக் கூடாதா? அப்படி இல்ல. தினமும் ஹைவேல நூறு, இருநூறு கி.மீ. போறவர், உயரமான கியர் போட்டு, டீசல் சிக்கனத்துக்காக மாத்தறார்னா எனக்குப் புரியுது. பின்லாந்து, ஸ்வீடன்ல மெர்சிடிஸோட ஓஎம்606 இன்ஜினை வெச்சு செய்யறதும் எனக்குப் பிடிக்கும். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 24 வால்வு, ஃபேக்டரியில 177 பிஎஸ். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுல இருந்த பம்பைக் கழட்டிட்டு, பெரிய எலிமென்ட் போட்ட மெக்கானிக்கல் பம்ப், பெரிய டர்போன்னு பல மடங்கு ஏத்துவாங்க. ஆனா அதைப் பெரும்பாலும் வைக்கிறது பழைய வால்வோ, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் மாதிரி கனமான பின் சக்கர வண்டியில. அந்த வண்டிக்கு அந்த இன்ஜின் பொருந்துது.

நம்ம ஊர்ல யாராவது ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இப்படி ஒண்ணு செய்யலாம்னு கனவு கண்டா, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவை முதல்ல படிங்க. ரோட்டுல ஓட்டறது சுலபமில்ல. பேப்பர்ல, சிமுலேஷன்ல செய்யறதுக்கு ஒரு தடையும் இல்ல.

மேல சொன்ன கணக்கெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்ல போட்டு வெச்சிருக்கேன், கேட்டா அனுப்பறேன். 160 பிஎஸ் டீசலை வெச்சு, எந்த ஃபைனல் டிரைவ் வேணா போட்டு, சக்கரத்துல ரெண்டு மடங்கு உந்துவிசையை எல்லா வேகத்துலயும் காட்டறவங்களுக்கு அடுத்த இதழ்ல இந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி எடிட்டர்கிட்ட ஏற்கெனவே பேசிட்டேன்.