மண்ணறைக்குப் பகையில்லை



மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பும் நமக்கு, மீண்டும் ஒருநாள் சென்று நின்று துஆச் செய்ய ஓர் இடம் எஞ்சியிருக்கிறது. அதுவும் இல்லாதவர்களின் துயரத்தை அறிய வேண்டுமாயின், டிசம்பர் 26 அன்று நொச்சிக்குப்பம் போன்ற சென்னைக் கடற்கரைக் குப்பங்களுக்குச் சென்று பாருங்கள். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவ மக்கள், அலைகளில் பாலூற்றி, மலர் தூவிக் கண்ணீர் விடுவார்கள்.

கடல் கொண்டு போனது இறைவனின் நாட்டம். கண்முன்னே இருந்த கப்ருகளை மனிதரே இடித்து நிரவினால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் விடுதலைப் புலிகள் தம் போராளிகளை அடக்கம் செய்த இடங்கள் மாவீரர் துயிலும் இல்லங்கள் எனப்பட்டன. உடல் கிடைத்தவர்க்குக் கல்லறையும், கிடைக்காதவர்க்கு நினைவுக்கல்லும் அங்கே வரிசையாக எழுப்பப்பட்டன. ஆண்டுதோறும் நவம்பர் 27 மாலையில் பெற்றோர் அங்கு விளக்கேற்றி வந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. துயிலும் இல்லங்கள் இராணுவத்தால் தரைமட்டமாக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், கல்லறைகள் இருந்த நிலத்திலேயே 2011 இல் இராணுவத் தலைமையகம் ஒன்று திறக்கப்பட்டது.

இதைப் படிக்கும் சிலருடைய உள்ளம் கொதிக்கலாம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றவர்கள் புலிகள் அல்லவா? அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களைப் பிறந்த மண்ணிலிருந்து விரட்டியவர்கள் அவர்களல்லவா? அவர்களின் கல்லறைக்கு நாம் ஏன் வருந்த வேண்டும்?

கேள்வி நியாயமானதே. அந்த அநீதியை மறக்கவோ மறைக்கவோ நாம் சொல்லவில்லை. கொன்றவனின் செயலுக்குக் கணக்குக் கேட்பது வேறு. அவனைப் பெற்றவள் அழும் இடத்தைப் பறிப்பது வேறு. சிறுவயதிலேயே படையில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளும் அம்மண்ணில் உறங்கினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். புகாரியில் பதிவான இச்செய்தி, நமக்கு உவப்பானவர்களின் மரணத்திற்கு மட்டும் உரியதன்று.

இத்தவறு பிற சமயத்தார் மட்டுமே செய்வது என்றும் எண்ணிவிடாதீர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் துருக்கியில், பித்லிஸ் மாகாணத்துக் கர்ஸான் மையவாடியில் அடக்கப்பட்டிருந்த 200க்கும் மேற்பட்ட குர்துப் போராளிகளின் உடல்கள் 2017 இல் தோண்டியெடுக்கப்பட்டு, தொலைவிலுள்ள இஸ்தான்புலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அடக்கப்பட்டவர்களும் முஸ்லிம் தாய்மாரின் பிள்ளைகளே. கலிமாச் சொன்ன சமுதாயத்திலும் கப்ருக்குப் பாதுகாப்பில்லை!

காத்தான்குடி மக்கள் குண்டுகள் துளைத்த பள்ளிவாசல் சுவரை இன்றும் பூசி மறைக்காமல் காத்து வருகிறார்கள். ஆகஸ்ட் 3 ஐ ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூர்கிறார்கள். அச்சுவரைப் பூசிவிட எவரேனும் வந்தால் நாம் பொறுப்போமா? 2016 நவம்பரில் கிளிநொச்சி கனகபுரத்தில், இடிபட்ட துயிலும் இல்லத்தைத் துப்புரவு செய்து விளக்கேற்றிய தாய்மாருக்கும் அதே நெஞ்சுதான். நமக்கு வேண்டுகின்ற உரிமையை அவர்களுக்கும் வேண்டுவதே நீதி. பகைவனின் கப்ருக்கு முன்னால்தான் நம் நீதியுணர்வு சோதிக்கப்படுகிறது. சிந்திப்போமாக!