நடனத் தளத்தில் மரியாதை: வாசலில் ஆளைப் பார்ப்பதா, உள்ளே நடத்தையைப் பார்ப்பதா?

புதுடெல்லி: ஜெர்மனித் தலைநகர் பெர்லினில் உள்ள பெர்கைன் இரவு விடுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரின் செல்போன் கேமரா மீதும் சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்படுகிறது. அதைப் பிரித்துப் படமெடுப்பவர் வெளியேற்றப்படுவார். லண்டனின் ஃபேப்ரிக் விடுதியும், கொரோனா முடக்கத்துக்குப் பின் 2021ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டபோது, உள்ளே புகைப்படமோ காணொளியோ எடுக்கக் கூடாது என்று அறிவித்தது. நியூயார்க்கின் நவ்அடேஸ் விடுதியில் வாசலில் நிற்கும் ஊழியரே, நடனத் தளத்தில் செல்போனை எடுக்க வேண்டாம், யாருக்கும் தொல்லை தர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லித்தான் உள்ளே அனுப்புகிறார்.

ஆட வந்தவர்களிடம் இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? எலக்ட்ரானிக் நடன இசையுடன் பல பத்தாண்டுகளாகப் பழகியவர்கள் தரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்டம் மாறிவிட்டது, ஒருவரையொருவர் மதிக்கும் பண்பு போய்விட்டது. இதில் பாதி உண்மை. மறுபாதி, எல்லாத் தலைமுறையும் தன் இளமைக் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்வது.

இந்தியச் செய்திகளில் ‘ரேவ் பார்ட்டி’ என்ற சொல் ஏறக்குறைய எப்போதும் போதைப்பொருள் சோதனை தொடர்பாகவே இடம்பெறுகிறது. தமிழில் ‘போதை விருந்து’ என்றே பெயர்த்துவிடுகிறோம். சோதனைகளில் போதைப்பொருள் சிக்குவது பொய்யல்ல. ஆனால் அந்த மொழிபெயர்ப்பில் இசையும் நடனமும் காணாமற்போகின்றன. அங்கு செல்லும் ஒரு பெண் எவ்வளவு பாதுகாப்பாக ஆடிவிட்டு வீடு திரும்புகிறார் என்ற கேள்வி எழவே இடமில்லாமல் போகிறது.

அடைக்கலமாகத் தொடங்கிய இடம்

1970ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கில் டேவிட் மன்குசோ என்பவர் தமது வீட்டிலேயே நடன இரவுகளைத் தொடங்கினார். பின்னாளில் ‘தி லாஃப்ட்’ என்று புகழ்பெற்ற அந்த இடத்தில் மது விற்கப்படவில்லை. அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. 1977இல் சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ விடுதியில் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைக்கத் தொடங்கினார். ‘ஹவுஸ்’ என்ற இசை வகைக்கே அவ்விடுதியின் பெயரிலிருந்து பெயர் வந்தது. அங்கு கூடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமான தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே எள்ளலுக்கும் காவல்துறைக் கெடுபிடிக்கும் ஆளானவர்களுக்கு அது அடைக்கலம்.

அக்கூட்டத்தில் நிலவிய மரியாதை, அவர்கள் பிறரைவிட நல்லவர்கள் என்பதால் விளைந்ததன்று. உள்ளே கண்டதை ஒருவர் வெளியே சொன்னால், இன்னொருவரின் வேலையும் குடும்பமும் பறிபோகக்கூடும். அந்த ஆபத்து எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. கூட்டமும் சிறியது, அழைப்பின் பேரில் வருபவர் தவறாக நடந்தால் அடுத்த வாரம் அழைப்பு இராது. ஆக, சிறிய கூட்டம், பொதுவான ஆபத்து ஆகிய இரண்டும்தான் எழுதப்படாத அந்த விதியைக் காத்தன.

கூட்டம் பெருகியதும் அவ்விரண்டும் போயின. ரேவ் பண்பாட்டின் தாரக மந்திரமாகச் சொல்லப்படும் ‘அமைதி, அன்பு, ஒற்றுமை, மரியாதை’ என்ற முழக்கத்தின் கதையே இதற்குச் சான்று. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் நடந்த ஒரு ரேவில் கைகலப்பு மூண்டபோது, டிஜே ஃபிராங்கி போன்ஸ் ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்தை அதட்டியதிலிருந்து அது பிறந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ‘மரியாதை’ என்ற நான்காவது சொல் பின்னரே சேர்ந்தது. பொற்காலம் என்று இன்று நினைவுகூரப்படும் ஆண்டுகளிலேயே மரியாதையைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்பதை இது காட்டுகிறது.

பிரிட்டனில் மாற்றம் வேறு வழியில் வந்தது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுநிலத்தில் பல்லாயிரம் பேர் அனுமதியின்றிக் கூடி நாள்கணக்கில் ஆடினர். அதன் எதிரொலியாக 1994இல் இயற்றப்பட்ட குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத்தையே சட்ட வரையறைக்குள் கொண்டுவந்து, திறந்தவெளி ரேவ்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. நடனம் வயல்வெளியிலிருந்து உரிமம் பெற்ற விடுதிகளுக்கு நகர்ந்தது. பங்கேற்பாளராக வந்தவர் நுழைவுச்சீட்டு வாங்கிய வாடிக்கையாளர் ஆனார். பணம் கொடுத்தவருக்குக் கடமையைவிட உரிமையே முதலில் நினைவுக்கு வரும்.

கேமராவை நோக்கித் திரும்பிய முகங்கள்

2010இல் லண்டனில் தொடங்கிய ‘பாய்லர் ரூம்’ இணைய ஒளிபரப்பில், டிஜே கேமராவைப் பார்த்து நிற்பார். கூட்டம் அவருக்குப் பின்னால் நின்று அதே கேமராவின் முன் ஆடும். நல்ல இசையை உலகெங்கும் கொண்டுசேர்த்த முயற்சிதான் அது. ஆயினும், ஆடுபவர் பார்க்கப்படுபவராக மாறியதற்கு அதைவிடத் துல்லியமான படம் கிடைப்பது அரிது. ஸ்மார்ட்போன் பரவிய பின் ஒவ்வொரு விடுதியிலும் அதுவே நிகழ்ந்தது. கண்மூடி ஆடும் பெண்ணின் பத்து விநாடிக் காணொளி, அவருக்கே தெரியாமல் பல்லாயிரம் பேரைச் சென்றடையலாம் என்றால், அவர் கண்மூடி ஆடமாட்டார். நடனத் தளம் இழப்பது அதைத்தான்.

இதனுடன் சுற்றுலாவும் சேர்ந்தது. பெர்லின் விடுதிகளின் கூட்டமைப்பான கிளப் கமிஷன் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018இல் மட்டும் சுமார் 30 லட்சம் சுற்றுலாப் பயணிகள் இரவு விடுதிகளுக்காக அந்நகருக்கு வந்தனர். அவர்களால் நகருக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 148 கோடி யூரோ. ஒரே இரவு வந்து போகும் பயணிக்கு அடுத்த வாரத்தைப் பற்றிய கவலை இல்லை.

பெர்லினின் ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு சட்ட மரபும் உண்டு. 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவில் இரு புகைப்படக்காரர்கள் அவரது அறைக்குள் புகுந்து உடலைப் படமெடுத்தனர். அந்த வழக்கின் விளைவாக 1907இல் வந்த சட்டம், ஒருவரின் படத்தை அவரது ஒப்புதலின்றிப் பரப்பக் கூடாது என்பதைப் பொது விதியாக்கியது. பேரரசின் முன்னாள் பிரதமருக்காகத் தொடங்கிய அந்தச் சிந்தனை, இன்று நடனத் தளத்தில் ஆடும் ஒரு மாணவிக்கும் பயன்படுகிறது.

ஆனால் பெர்கைன் இன்னொன்றுக்கும் பெயர்பெற்றது. மணிக்கணக்கில் வரிசையில் நின்றவரைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பும் வாசல் அது. கூட்டத்தின் இயல்பைக் காக்கவே இந்தத் தெரிவு என்று ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். தோற்றத்தையும் உடையையும் பார்த்து எடுக்கும் முடிவு நடத்தையைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. எதிர்த்தரப்பின் வாதமே வலுவானதாகத் தோன்றுகிறது. ஸ்டிக்கர் எல்லோருக்கும் ஒரே விதி. வாசல் தெரிவு அப்படியன்று.

மரியாதையை உள்ளேயே காக்கும் முயற்சிகள் அதிகக் கவனத்துக்கு உரியவை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள ‘ஹவுஸ் ஆஃப் எஸ்’ விடுதி, ஒப்புதலின்றி யாரையும் தொடக் கூடாது என்பதை வெளிப்படையான விதியாக வைத்துள்ளது. ஒளிரும் ஒற்றைக் கொம்பு அணிந்த ஊழியர்கள் கூட்டத்தினூடே உலவுகின்றனர். தொல்லைக்கு உள்ளானவர் அந்தக் கொம்பைத் தேடிச் சென்றால் போதும். வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இருட்டிலும் இரைச்சலிலும் உதவியாளரை எப்படி அடையாளம் காண்பது என்ற நடைமுறைச் சிக்கலை அந்தக் கொம்பு தீர்க்கிறது. ஜெர்மன் விடுதிகள் பலவற்றில் ‘அவேர்னஸ்’ குழு என்ற பெயரில் இதற்கெனவே பயிற்சி பெற்றவர்கள் பணியில் உள்ளனர்.

விதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2021இன் பிரிட்டன் காட்டியது. பானத்தில் மருந்து கலத்தல், ஊசி குத்துதல் பற்றிய புகார்கள் குவிந்தன. அவ்வாண்டு அக்டோபரில் பல நகரங்களின் மாணவிகள் இரவு விடுதிகளைப் புறக்கணித்து வீட்டிலேயே இருந்தனர். விடுதிகளின் வருவாய் யாரை நம்பியுள்ளது என்பதை உரிமையாளர்கள் அந்த இரவுகளில் உணர்ந்திருப்பர்.

இந்தியாவில் ‘ஸ்டாக்’ விதி

நம் நாட்டுப் பெருநகர விடுதிகள் பலவற்றின் வாசலில் காணப்படும் விதி வேறு. ‘ஸ்டாக் அனுமதி இல்லை’ என்பது அது. பெண் துணையின்றி வரும் ஆணுக்கு அனுமதி இல்லை, அல்லது கூடுதல் கட்டணம் உண்டு என்பது இதன் பொருள். மறுபுறம், ‘லேடீஸ் நைட்’ என்ற பெயரில் பெண்களுக்கு நுழைவும் பானமும் இலவசம். பெண்களின் பாதுகாப்புக்காகவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் தரப்படுகிறது. ஆனால் ஒருவர் உள்ளே எப்படி நடக்க வேண்டும் என்று இவ்விதி எதுவும் சொல்வதில்லை. துணையுடன் வந்த ஆண் இன்னொரு பெண்ணைத் தொடுவதை அது தடுக்காது. இலவச நுழைவோ, பெண்ணை விருந்தினராக அன்றி, பணம் தரும் ஆண்களை ஈர்க்கும் கவர்ச்சியாகக் கணக்கிடுகிறது.

வெளியிலிருந்து வரும் ஆபத்து நம் நாட்டில் தனி. 2009 ஜனவரியில் மங்களூருவில் மதுக்கூடம் ஒன்றில் இருந்த பெண்கள் ஸ்ரீராம சேனை அமைப்பினரால் தாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2018இல் விடுவிக்கப்பட்டனர். 2016 டிசம்பர் 31 இரவு, பெங்களூருவின் எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலைப் பகுதிகளில் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்கள் பாலியல் தொல்லைக்கு உள்ளாயினர். அப்போதைய கர்நாடக உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா, மேற்கத்திய உடையையும் மனப்போக்கையும் காரணம் காட்டிப் பேசிக் கண்டனத்துக்கு ஆளானார். தொட்டவரை விட்டுத் தொடப்பட்டவரின் உடையைப் பேசும் இந்த வழக்கம் நீடிக்கும்வரை, விடுதிக்குள் நடந்ததைப் புகாராக எழுதித் தர எந்தப் பெண்ணும் தயங்குவார்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. விருப்பமின்றித் தொடுதல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தலாகத் தண்டிக்கப்படலாம். ஆனால் மறைந்திருந்து படமெடுத்தலைப் பற்றிய 77ஆவது பிரிவு, ஒரு பெண் அந்தரங்கமான செயலில் ஈடுபட்டிருக்கும் சூழலையே குறிக்கிறது. பலர் கூடிய இடத்தில் ஆடுவதை அதற்குள் கொண்டுவருவது கடினம். 2025 ஜூலையில் பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பெண்களை அவர்கள் அறியாமல் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டவர் கைது செய்யப்பட்டார். படத்தில் இருந்த இளம்பெண் ஒருவர் தாமே பொதுவெளியில் முறையிட்ட பிறகே வழக்கு சூடுபிடித்தது.

கேமரா மீது ஒட்டும் ஸ்டிக்கருக்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. விடுதி தனி இடம் என்பதால், உள்ளே படமெடுக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்க உரிமையாளருக்குத் தடையில்லை. தடை வணிகத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் பதிவேற்றும் காணொளியே பல விடுதிகளுக்குச் செலவில்லாத விளம்பரம்; அதை விட்டுக்கொடுக்க மனம் வர வேண்டும். வாசலில் நிற்கும் பவுன்சர்களுக்கு இன்று தரப்படும் வேலை பெரும்பாலும் ஆளைத் தடுப்பதும் சண்டையை விலக்குவதும்தான். தொல்லைக்கு உள்ளான பெண் சொல்வதைக் கேட்டு, தொல்லை தந்தவரை வெளியேற்றும் பொறுப்பைப் பெண் ஊழியர் உட்பட இருவரிடம் ஒப்படைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு டிஜேயின் ஓர் இரவு ஊதியத்தைத் தாண்டாது.