மேட்டூர் டீக்கடையும் கருத்தரங்க மேடையும்

மேட்டூரில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் "இன்னிக்கு எத்தனை அடி?" என்று கேட்டுப் பாருங்கள். அணையின் நீர்மட்டத்தைத்தான் கேட்கிறீர்கள் என்பது எல்லோருக்கும் புரியும். 120 அடி, 93.47 டி.எம்.சி., வினாடிக்கு இத்தனை கன அடி என்று பள்ளிக்கூடம் போகாதவர்கூடச் சரளமாகப் பேசுவார். அதற்கு யாரும் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறது. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திருத்துவார், அவ்வளவுதான்.

அதே ஊரிலிருந்து சேலத்துக்கும் சென்னைக்கும் ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களில் பலர் கருத்தரங்க மேடையில் தடுமாறுகிறார்கள். ஸ்லைடில் இருப்பதை அப்படியே படித்து முடித்து விடுவார்கள். கேள்வி நேரம் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். "இங்கிலீஷ் பிராப்ளம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலம் ஒரு தடைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது மட்டும்தானா காரணம்?

மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்டில். சில மாதம் கழித்து, 1935 ஜனவரி 11 அன்று, லண்டன் ராயல் வானியல் கழகத்தில் 24 வயது சந்திரசேகர் பேசினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர். அவருக்கு ஆங்கிலமும் பிரச்சினையில்லை, கணக்கும் பிரச்சினையில்லை. வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்றார். அடுத்துப் பேசிய எடிங்டன் அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. பாலி போன்ற பெரிய இயற்பியலாளர்கள் சந்திரசேகர் சொல்வதே சரி என்று தனியாக ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. சில ஆண்டுகளில் அவர் வேறு துறைக்கு நகர்ந்துவிட்டார். நோபல் பரிசு வந்தது 1983-ல்!

சந்திரசேகருக்கே இந்தக் கதி என்றால், முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சொல்லவா வேண்டும்? தன்னம்பிக்கை என்பது பேசுகிறவரின் குணம் மட்டுமல்ல. அதில் பாதி கேட்கிறவர்கள் கையில் இருக்கிறது.

கேள்வியே கேட்கக் கூடாதா என்று சிலர் கோபிக்கலாம். கடுமையாகவே கேட்கட்டும், ஆய்வைப் பற்றிக் கேட்கட்டும். ஆளையும் உச்சரிப்பையும் விட்டுவிடட்டும். ஒவ்வொரு துறையிலும் வாரம் ஒருவர், பத்தே நிமிடம், ஸ்லைடு இல்லாமல், முதலில் தமிழிலேயே பேசட்டும். முதல் கேள்வியை ஒரு மாணவர் கேட்கட்டும். "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பதும் ஒரு பதில்தான் என்று பேராசிரியர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். இதற்கெல்லாம் பைசா செலவில்லை.

ஆராய்ச்சி மாணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால், "ஏந்தம்பி, அங்க என்ன ஆராய்ச்சி பண்றே?" என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். "அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதுங்ணா" என்று நழுவுவதுதான் வழக்கம். அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். கன அடியும் டி.எம்.சி.யும் புரிந்த ஊருக்கு, பொறுமையாகச் சொன்னால் இதுவும் புரியும்.