குதிரைக்காரர் தேடுற ஒழுங்கைகள்

இங்கிலாந்தில குதிரை ஓடுறவை எல்லாம் பணக்காரர் எண்டுதான் எங்கடை ஆக்கள் நினைக்கினம். "அவைக்கென்ன குறை?" எண்டு கேட்பினம்.

குறை இருக்குது பாருங்கோ. இங்கத்தைப் பொதுவழிகளில 22 வீதமளவிலதான் குதிரையில போகலாம். குதிரை வண்டிக்கு வெறும் 5 வீதம். மற்றதெல்லாம் நடக்கிறவைக்கு மட்டும். அதால கார் பறக்கிற றோட்டிலதான் குதிரையைக் கொண்டுபோகவேணும்.

இதை மாத்த, உள்ளூர்க் குதிரைக்காரர் சிலர் சம்பளமில்லாமல் ஆவணக் காப்பகங்களில குந்தியிருக்கினம். 19ஆம் நூற்றாண்டுத் தசமபாக வரைபடம், 1910 நிலவரி வரைபடம் எல்லாம் கிண்டி, இந்த ஒழுங்கையால முந்தி வண்டில் போனது எண்டு காட்டி, கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கினம். (காணி உறுதி துலைச்சு அலைஞ்ச எங்களுக்குப் பழைய கடதாசியின்ரை பெறுமதி தெரியும்தானே.) 2000ஆம் ஆண்டுச் சட்டம் இதுக்கு 2026 எண்டு கெடு வைச்சுது, பிறகு அது 2031 ஆச்சுது. 2024 டிசம்பரில அந்தக் கெடுவையே எடுக்கப்போறதா அரசாங்கம் அறிவிச்சுது. நல்லது. ஆனால் விண்ணப்பங்கள் வருசக்கணக்காத் தூங்குது, பாதையைப் பாவிச்ச கிழடுகளோ ஒவ்வொண்டாப் போய்ச்சேருதுகள்.

குதிரைப்பாதை எண்டு பதிஞ்சால் நடக்கிறவையும் போகலாம், 1968இல இருந்து சைக்கிள்காரரும் போகலாம். என்னைக் கேட்டால், நீங்கள் வழமையா நடக்கிற ஒழுங்கைக்கு ஆரும் சாட்சிப் படிவம் நீட்டினால் நிரப்பிக் குடுங்கோ.