கண்ணாடியைக் கழற்றினால் என்ன மிஞ்சும்?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ஒரு சினிமாவை அதில் ஓட்டிப் பார்ப்பது. திரை பளிச்சென்று தெரிகிறதா, சத்தம் சரியாக வருகிறதா என்று சோதிக்க இது நல்ல வழிதான். ஆனால் அடுத்து ஓர் ஆசை வரும். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு, இன்னும் பெரிய மானிட்டர் என்று வாங்கிப் போட்டால் படம் பிரமாதமாக இருக்குமே என்று தோன்றும். அதற்குப் பணம் எடுத்து வைக்கும் முன் ஒரு படத்தைப் பார்த்துவிடுங்கள் என்பேன். 2008ல் வெளியான "ஜர்னி டு தி சென்டர் ஆப் தி எர்த்" தான் அந்தப் படம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1864ல் எழுதிய நாவல்தான் இதற்கு அடிப்படை. எரிமலைகளை ஆராயும் பேராசிரியர் ஒருவர், காணாமல் போன அண்ணனின் குறிப்புகளைத் துப்பாக வைத்துக்கொண்டு, அண்ணன் மகனுடன் ஐஸ்லாந்து செல்கிறார். வழிகாட்டியாக ஒரு பெண்ணும் சேர்ந்துகொள்கிறார். மூவரும் பூமிக்குள் விழுந்து, கடலும் காடும் டைனோசரும் உள்ள ஒரு மறைவான உலகத்தை அடைகிறார்கள். பிரெண்டன் பிரேசர் பேராசிரியராக நடித்திருக்கிறார். இயக்குநர் எரிக் பிரெவிக், அதற்கு முன் விஷுவல் எபெக்ட்ஸ் துறையில் பெயர் பெற்றவர்.

இரண்டு லென்ஸ், ஒரு மூளை

நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டு கண்களும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு கோணங்களில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து, எது அருகில், எது தொலைவில் என்று கணக்குப் போடுகிறது. 3டி படம் என்பது இந்தக் கணக்கை ஏமாற்றும் வித்தை. இரண்டு லென்ஸ்கள் மூலம் இரண்டு படங்களை எடுக்கிறார்கள். நாம் அணியும் கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் அனுப்புகிறது. ஜேம்ஸ் கேமரூனும் வின்ஸ் பேஸும் உருவாக்கிய டிஜிட்டல் 3டி கேமராவில்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது. 2009ல் வந்த "அவதார்" படத்திற்கும் இதே கேமரா முறைதான்.

இதைத் தியேட்டரில் கண்ணாடியுடன் பார்த்திருக்கிறேன். வீட்டில் சாதாரண மானிட்டரிலும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு படங்கள் என்றே சொல்லலாம். தியேட்டரில் ஒரு யோ-யோ பொம்மை நம் முகத்தை நோக்கி வரும். ஹீரோ வாய் கொப்பளித்துத் துப்புவது நம் மேலேயே விழும். எல்லோரும் தலையைச் சாய்ப்பார்கள், சிரிப்பார்கள். சாதாரண மானிட்டரில் இதே காட்சிகள் அசட்டுத்தனமாகத் தெரிகின்றன. ஏன் இந்த ஆள் கேமராவைப் பார்த்துத் துப்புகிறார் என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

ஆனால் ஒரு காட்சி மட்டும் எந்தத் திரையிலும் குறைவதில்லை. காணாமல் போன அண்ணன் அங்கேயே இறந்துவிட்டார் என்பது தெரிகிறது. அவர் மகனுக்காக எழுதி வைத்த வார்த்தைகளைப் பையன் கேட்கிறான். அங்கே எதுவும் நம்மை நோக்கிப் பாய்வதில்லை. இந்தப் படத்தில் எனக்கு மனதில் நின்றது இதுதான்.

பழைய படம் சொல்லும் பாடம்

இதே நாவல் 1959லும் ஹாலிவுட்டில் படமானது. அன்று கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது. உயிருள்ள உடும்பு போன்ற இகுவானாக்களின் முதுகில் துடுப்பு ஒட்டி, பழங்கால மிருகங்கள் என்று காட்டினார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனாலும் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்க்க முடிகிறது. காரணம், குகைக்குள் அடுத்து என்ன என்ற ஆவலைக் கதை கடைசி வரை விடாமல் வைத்திருக்கிறது.

வித்தைக்குப் போட்ட பணம் என்ன ஆனது?

2009ல் என்விடியா நிறுவனம் கம்ப்யூட்டருக்கான "3டி விஷன்" என்ற வசதியை அறிமுகம் செய்தது. இதற்குத் தனிக் கண்ணாடி, 120 ஹெர்ட்ஸ் மானிட்டர், பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வேண்டும். 2019ல் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. 3டி டிவிக்களின் கதையும் அப்படித்தான். எல்ஜி, சோனி ஆகிய நிறுவனங்கள் 2017ல் அவற்றைக் கைவிட்டன. ஆசையாக வாங்கிய கண்ணாடிகள் மேஜை டிராயருக்குள் போய்விட்டன. எனவே "இது புதுசு" என்று கடைக்காரர் காட்டும் எதற்கும் உடனே பணம் கொடுக்காதீர்கள். இந்த வசதி இல்லாமல் நான் பார்க்க விரும்பும் படம் கெட்டுப்போகுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். கையில் மிச்சப் பணம் இருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள் என்பதே என் கருத்து.

படம் முடிந்ததும் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "நிஜமாகவே பூமிக்குள் போக முடியுமா?" அப்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள். பூமியின் மேற்பரப்பிலிருந்து மையம் வரை சுமார் 6,371 கிலோமீட்டர். ரஷ்யாவின் கோலா பகுதியில் 1970ல் தொடங்கித் துளையிட்டு, 1989ல் 12,262 மீட்டர் ஆழம் வரை சென்றார்கள். அங்கே வெப்பம் சுமார் 180 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் துளையிட முடியவில்லை. மையத்திற்கான தூரத்தில் இது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை! இந்த விவரங்களைப் பிள்ளைகளையே இன்டர்நெட்டில் தேடச் சொல்லுங்கள். வாங்கிய கம்ப்யூட்டருக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை.

படம் பார்க்கும்போது அறை விளக்கை அணைத்துவிடுங்கள். விஎல்சி பிளேயரில் எப் கீயை அழுத்தினால் படம் முழுத் திரைக்கு வரும். வசனம் புரியாவிட்டால் வி கீயை அழுத்தி சப்டைட்டிலை வரவழைக்கலாம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.