கோழிக்கும் செல் தொல்லை

செல் என்றதும் கைப்பேசி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது கோழி மேல் ஏறும் செல். பி.காம். படிக்கிறவனுக்குக் கோழிக்கூட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், கடைசியில் கணக்கும் வருகிறது :-)

தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தாவின் அடைக்கோழி ராத்திரியானால் முட்டையை விட்டு எழுந்து வெளியே போய் நின்றது. "இவளுக்குத் திமிருடா, அடைக்கு உக்காரவே மாட்டேங்கிறா" என்று ஒரே திட்டு. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட்டின் பலகை இடுக்கெல்லாம் கடுகை விடச் சின்னதாய்ச் சிவப்புப் பூச்சிகள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் ரத்தக்கறை. பாவம், திட்டு வாங்கியது மட்டும் கோழி.

மறுநாள் அப்பா உரக்கடையில் ஏதோ ஒரு பவுடர் வாங்கி வந்தார். பருத்திக்கு அடிக்கிறதாம். கோழி மேலும் கூட்டிலும் தாராளமாகத் தூவிவிட்டார். அன்று சாயங்காலமே அப்பத்தா பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு முட்டை எடுத்து வைக்க, எனக்குப் பகீரென்றது.

"அந்தக் காலத்துல கமாக்சின் தூவலையா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றார் அப்பத்தா.

அந்தக் கமாக்சினில் இருந்த பி.எச்.சி.யை 1997-இலேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அந்த வகை மருந்து எளிதில் அழியாது. கொழுப்பில் தங்கி முட்டை, பால் வழியாக நமக்கே வந்து சேரும். படித்தவர்கள் ஊரிலும் இதே கூத்துதான். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் இதே செல்லை ஒழிக்க அடித்த மருந்தில், உணவுக்கான கோழிகளுக்குப் பயன்படுத்தக் கூடாத ஃபிப்ரோனில் கலந்திருந்தது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

என் கருத்து இதுதான். நாம் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறோம், கூட்டை விட்டுவிடுகிறோம். பேன் கோழியின் இறகிலேயே குடியிருக்கும், அதற்குக் கோழியைப் பார்த்தால் போதும். இந்தச் சிவப்புச் செல் அப்படி இல்லை. பகலில் இடுக்கில் தூங்கும், ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். கோழியே இல்லாத கூட்டில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும்.

அதனால் முதலில் கூட்டைக் காலி செய்யுங்கள். பழைய வைக்கோலை எரித்துவிட்டு, எச்சத்தைச் சுரண்டி, இடுக்கில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் இதையே செய்ய வேண்டும், ஏனென்றால் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டி வைத்தால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும். மருந்துதான் வேண்டுமென்றால் மாட்டாஸ்பத்திரியில் கேளுங்கள். கோழிக்கு உரியது எது, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று சொல்வார்கள். உரக்கடைக்காரர் பருத்திக்குத்தான் டாக்டர்.

நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சொன்ன நாள் வரை முட்டையைக் குழி தோண்டிப் புதைத்தோம். மொத்தம் 26 முட்டை. நாட்டு முட்டை ஒன்று 15 ரூபாய், ஆக 390 ரூபாய் நஷ்டம். நமக்கு அது ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன். அப்பத்தாவுக்கு அது சிறுவாடு. என் முதல் செமஸ்டர் பரீட்சைக் கட்டணம் அந்தச் சிறுவாட்டிலிருந்துதான் வந்தது. "முட்டையை விக்காதே" என்று சொல்வது எனக்குச் சுலபம், நஷ்டம் அவருடையது. வீட்டில் யார் தடுத்தாலும் அந்தக் காசை வீடுதான் ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை முட்டை சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

நான் 400 ரூபாய் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மறக்காமல் 10 ரூபாய் மீதி கொடுத்தார். எங்கள் அக்கவுண்டன்சி சார் பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் வீட்டுக் கூட்டில் என்ன தூவுகிறார்கள்? இன்று ராத்திரி ஒரு டார்ச் எடுத்துப் போய்ப் பாருங்களேன்.