அவுரிக்கு விலை கண்ணாலா, ஆய்வாலா?

தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் அவுரி, 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு மலமிளக்கி மருந்துக்காகச் செல்கிறது. அங்கே அதன் தரம் ஆய்வுக்கூடத்தில் அளக்கப்படுகிறது. இங்கேயோ பல இடங்களில் வியாபாரி ஒரு பிடி இலையை அள்ளி, நிறத்தைப் பார்த்து விலை சொல்லிவிடுகிறார். பாடுபட்டவருக்கு இது நியாயமாகாது.

அவுரியின் மருந்துக் குணத்திற்குக் காரணம் அதிலுள்ள சென்னோசைடு என்னும் சத்து. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட தரக்குறிப்பு, இலையில் இவ்வகைச் சத்து குறைந்தது 2.5 சதம் இருக்க வேண்டும் என்கிறது. இலை பச்சையாக இருப்பது நல்ல அறிகுறியே. ஆனால் சத்து எத்தனை சதம் என்பதைக் கண் சொல்லாது.

பெயரும் சொல்லாது. சித்த மருத்துவத்தில் அவுரி என்றால் நீலச்சாயம் தரும் நீலி. தென்மாவட்டச் சந்தையில் அதே பெயர் நிலவாகைக்கு வழங்குகிறது. பெயர் ஒன்று, பயிர் இரண்டு!

இத்தகைய குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சீன மூலிகை ஒன்றே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில் 'ஃபாங் ஜி' என்ற மூலிகை சேர வேண்டியிருந்தது. ஏறத்தாழ அதே பெயர் கொண்ட, நச்சுத்தன்மையுள்ள வேறொரு மூலிகை கலந்துவிட்டது. சுமார் 100 பேரின் சிறுநீரகம் கெட்டது. மூட்டையின் மேல் எழுதிய பெயரை மட்டும் நம்பியதன் விளைவு இது.

ஆய்வு என்றதும் மிரள வேண்டியதில்லை. ஈரமான மை ஒற்றும் தாளில் மைத்துளி பல நிறங்களாகப் பிரிவதைப் பார்த்திருப்போம். இலையின் சாற்றையும் அவ்வாறே பிரித்தால், எந்தச் சத்து இருக்கிறது என்று தெரியும். நுண்கருவிகள் அதன் அளவையும் சொல்லும். ஆவாரை இலை கலந்திருந்தால், அடர் கந்தக அமிலம் பட்டதும் அது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆவாரையில் சென்னோசைடு கிடையாது.

சிறு விவசாயியின் நாலு மூட்டைக்கு யார் ஆய்வு செய்வது என்று வியாபாரிகள் கேட்கலாம். தனித்தனியே செய்தால் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். ஓர் ஊரின் 20 விவசாயிகள் சேர்ந்து ஒரே சரக்காகத் திரட்டினால் செலவு பங்காகிவிடும். ஒவ்வொரு மூட்டையின் மேல், நடு, அடிப் பகுதிகளிலிருந்தும் இலை எடுத்துக் கலந்து, அதில் பாதியை ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். மறுபாதியை முத்திரையிட்டு ஊரிலேயே வைத்துக்கொண்டால், பின்னால் தகராறு வரும்போது கைகொடுக்கும்.

ஆனால் கூட்டுச் சரக்கில் ஒருவர் செய்யும் தவறு அனைவரின் விலையையும் கெடுக்கும். முற்றிப் பழுத்த இலை, காம்பு, மண் ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. பறித்த இலையைக் குவித்து வைத்தால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்த வேண்டும். ஆய்வுக்கூடம் இல்லாத சத்தை உண்டாக்கித் தராது. வயலிலும் களத்திலும் காத்த சத்தைத்தான் அது அளந்து சொல்லும்.

வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. ஆய்வு செய்து வாங்குகிறவர்கள், அதன் முடிவுச் சீட்டின் நகலை விளைவித்தவரிடமும் கொடுக்க வேண்டும். சத்து கூடிய இலைக்குக் கூடுதல் விலை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். தரம் குறைந்தால் விலையைக் குறைப்பவர்கள், தரம் உயர்ந்தால் உயர்த்தித் தருவதுதானே முறை? அந்தச் சீட்டு விவசாயியின் கைக்கு வராதவரை, நல்ல இலைக்கும் சொத்தை இலைக்கும் ஒரே விலைதான். அப்போது நல்ல இலை விளைவிக்க யார்தான் மெனக்கெடுவார்கள்?

அடுத்த அறுவடைக்கு முன் ஊர்தோறும் விவசாயிகள் கூடிப் பேச வேண்டிய விஷயம் இது.